காலி வீட்டுக்கு 412 யூனிட் கரண்ட்: ஓசூரில் வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

மஸ்கட்வாசி:

வணக்கம். ஓசூரில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்கள், வெளியூரில் இருந்துகொண்டு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுச் சொல்லுங்கள். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

பாகலூர் சாலையில் இருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, 2018இல் ஒரு தனி வீடு வாங்கினேன். இரண்டு படுக்கையறை, போர்டிகோ, சம்ப், ஒரு போர். பத்திரச் செலவு எல்லாம் சேர்த்து 62 லட்சம். அண்ணன் கோவையில், மாமனார் வீடு திண்டுக்கல், ஆக ஓசூரில் எட்டிப்பார்க்க நமக்கென்று ஒருவரும் கிடையாது. 2023இல் தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்தார். வாடகை வசூல், பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆள் மாறும்போது பெயின்ட், புதுக் குடித்தனம் பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வாடகை 15,500, அதில் 8 சதவீதம் அவருக்கு, புதிதாக ஆள் பிடித்தால் அரை மாத வாடகை தனி. வாடகையை அவரே வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை எனக்கு அனுப்புவார். இரண்டு வருடம் ஒரு குறை சொல்ல முடியாது, ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி பணம் வந்துவிடும்.

நவம்பர் கடைசியில் இருந்த குடும்பம் காலி செய்தது. டிசம்பரில் கேட்டேன், மார்கழியில் யார் சார் வீடு மாறுவார்கள், பொங்கல் கழியட்டும் என்றார். நியாயம்தானே என்று விட்டுவிட்டேன். தை பிறந்தது, வழி பிறக்கவில்லை. வாடகை கொஞ்சம் அதிகம் என்கிறார்கள், ஆயிரம் குறைக்கலாமா என்று கேட்டார். அதற்கும் சரி என்றேன்.

பிப்ரவரியில் மின்வாரியத்தில் இருந்து போனுக்குக் குறுஞ்செய்தி. இரண்டு மாதக் கணக்கு, 412 யூனிட். குடும்பம் இருந்தபோதே 260, 280 தாண்டியதில்லை. வீடு பூட்டிக்கிடந்தால் முதல் 100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டும். அவரைக் கேட்டால், டைல்ஸ் வேலை கொஞ்சம் இருந்தது, கட்டிங் மெஷின் இழுத்திருக்கும் என்கிறார். எந்த டைல்ஸ்? நான் சொல்லவே இல்லையே.

கூடப் படித்த நண்பன் ஓசூருக்குப் பக்கத்தில் ஆனேக்கல்லில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் போய்ப் பார்த்து ஒரே ஒரு போட்டோ அனுப்பினான். என் வீட்டுப் போர்டிகோவில் வரிசையாக ஒன்பது ஜோடி சேஃப்டி ஷூ. கம்பிக் கொடியில் ஒன்பது நீலச் சட்டை.

ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆளுக்கு மாதம் 2,500 என்று டிசம்பர் முதல் வாரத்தில் இருந்தே தங்கியிருக்கிறார்களாம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 22,500. என் வாடகையைவிட ஏழாயிரம் அதிகம், அது மொத்தமும் அவர் பைக்கு.

இப்போது என்ன செய்வது? போலீஸா, வக்கீலா, அடுத்த விமானமா? அப்புறம் இன்னொரு கேள்வி, வீட்டை விற்றுவிடலாமா? விமான நிலையம் வருகிறது, வைத்திரு என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

சும்மா வந்தேன்:

ஒன்பது ஷூவையும் வெளியே வரிசையாகக் கழற்றி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். உங்கள் ஆளைவிட ஒழுக்கமானவர்கள்.

டிஎன்70:

மஸ்கட் சார், நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், அப்பா 80களில் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தவர். உங்கள் வீடு ஆள் கிடைக்காமல் மூன்று மாதம் கிடந்தது என்று அவர் சொன்னபோதே நீங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாகலூர் சாலைப் பக்கம் 15,500க்கு தனி வீடு, தண்ணீர் ஒழுங்காக வந்தால், டூலெட் போர்டு ஒரு வாரம் தொங்காது.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த ஊர்ச் சந்தை புரிவதில்லை. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்த ஊர் இது. இப்போது அந்தப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் வேறு. இந்தப் பக்கம் அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம், பெங்களூரு வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே குடியிருந்துகொண்டு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருகிறவர்கள் ஒரு கூட்டம். ஆக இங்கே இரண்டு வாடகைச் சந்தை இருக்கிறது. ஒன்று குடும்பத்துக்கு, வீட்டுக்கு இவ்வளவு என்று. இன்னொன்று தலைக்கு இவ்வளவு என்று. உங்கள் ஆள் முதல் சந்தையில் வாங்கி இரண்டாவது சந்தையில் விற்றிருக்கிறார், அவ்வளவுதான். தலைக்கணக்கில் விட்டால் எப்போதும் காசு அதிகம், வீடும் சீக்கிரம் தேயும். கழிவறை ஒன்று, ஆள் ஒன்பது, செப்டிக் டேங்க் என்ன ஆகியிருக்கும் என்று முதலில் பாருங்கள்.

வாடகையை எது தீர்மானிக்கிறது என்று கேட்டால் ஆளாளுக்கு ஏதேதோ சொல்வார்கள். நான் இரண்டுதான் சொல்வேன். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எத்தனை நிமிட நடை. அப்புறம் தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013இல் வந்தது, குடிக்கவும் சமைக்கவும் ஆகிறது, ஆனால் மற்றதற்கெல்லாம் போர்தான். கோடையில் போர் கைவிட்டால் டேங்கர் வரும், டேங்கர் வந்தால் குடித்தனம் போகும். அதே தெருவில் போர் நன்றாக இருக்கும் வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இரண்டாயிரம் வித்தியாசத்தை நானே பார்த்திருக்கிறேன்.

மஸ்கட்வாசி:

போர் நன்றாகத்தான் இருக்கிறது சார். அதாவது, நன்றாக இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். இப்போது எதை நம்புவது என்றே தெரியவில்லை.

காலியிடம்:

விற்காதீர்கள். ஓசூர் விமான நிலையத்தை 2024 ஜூனில் சட்டமன்றத்திலேயே அறிவித்துவிட்டார்கள், 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். பெங்களூரு மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் கூப்பிடு தூரம். இன்னும் ஐந்து வருடத்தில் 62 லட்சம் ஒன்றரைக் கோடி ஆகும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிஎன்70:

காலியிடம், உங்கள் பெயரைப் பார்த்தாலே தெரிகிறது, கையில் எத்தனை சைட் வைத்திருக்கிறீர்கள்? அறிவிப்பு வந்தது உண்மை. ஆனால் பெங்களூரு விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை போட்டியாக இன்னொன்று வரக் கூடாது என்று மத்திய அரசோடு போட்ட ஒப்பந்தம் இருக்கிறது, அதை எப்படித் தாண்டுவார்கள் என்பதை எந்த லேஅவுட் விளம்பரமும் சொல்வதில்லை. மெட்ரோவும் அப்படித்தான். மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை ஓட ஆரம்பித்தது, நல்லது. அதை இங்கே நீட்ட வேண்டும் என்றால் இரண்டு மாநிலம் உட்கார்ந்து பேச வேண்டும், மின்சார முறையில் இருந்தே சிக்கல். வந்தால் சந்தோஷம். ஆனால் வராத ரயிலை நம்பி இன்றைக்கு இருக்கும் வீட்டை எவன் கையிலோ கொடுத்துவைப்பது சரியில்லை.

பேரேடு:

நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

62 லட்சத்துக்கு வருடம் 1,86,000 வாடகை, சரியாக 3 சதவீதம். இது காகிதத்தில். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி என்று வையுங்கள், 1,70,500. அதில் 8 சதவீதம் போனால் 13,640 குறையும். வீட்டு வரி, சில்லறைப் பழுது, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் என்று எல்லாவற்றையும் பிரித்துப் போட்டால் வருடம் ஒரு 16,000. கையில் நிற்பது 1,40,000 சொச்சம், 2.3 சதவீதம்கூட முழுசாக இல்லை. இதை வங்கியில் போட்டிருந்தால் என்று நான் சொல்ல வரவில்லை, மனை மதிப்பு ஏறும் என்பதற்காகத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். ஆனால் வாடகை மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால் இது ஏழ்மையான வியாபாரம். இந்தக் கணக்கில் மூன்று மாதம் திருட்டுப்போனால் அந்த வருடமே போச்சு.

அப்புறம் ஒரு விஷயம், இதைச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். நீங்கள் வெளிநாட்டில் இருப்பவர், வருமான வரிச் சட்டப்படி குடியிருப்பவர் அல்லர். உங்களுக்கு வாடகை கொடுப்பவர் 31.2 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடித்துவிட்டுத்தான் மீதியைத் தர வேண்டும். மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாடகை இருந்தால்தான் என்பதெல்லாம் உள்நாட்டு உரிமையாளர்களுக்கு. உங்களுக்கு அந்த வரம்பு கிடையாது. இத்தனை நாள் யாராவது பிடித்தார்களா?

மஸ்கட்வாசி:

31.2 சதவீதமா? 15,500இல் 4,836 ரூபாயா? எந்தக் குடித்தனக்காரர் இதைச் செய்வார்? லேத் பட்டறையில் வேலை செய்கிறவரிடம் போய் வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்கு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடு என்று சொன்னால் வீடே வேண்டாம் என்று போய்விடுவாரே.

பேரேடு:

போய்விடுவார்தான். ஆனாலும் சட்டம் அதுதான். உங்கள் விஷயத்தில் 1,86,000இல் 30 சதவீதத்தைப் பராமரிப்புக் கழிவாகவே கொடுத்துவிடுவார்கள், மிச்சம் 1,30,200, வேறு வருமானம் இங்கே இல்லை என்றால் வரியே வராது. பிடித்த பணத்தை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், அல்லது முன்கூட்டியே குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் வாங்கலாம். மாதாமாதம் டிடிஎஸ் கட்டி ரிட்டர்ன் போடுவதைக் குடித்தனக்காரர் சார்பில் உங்கள் ஆடிட்டரே செய்துகொடுக்க ஏற்பாடு பண்ணலாம். ஆளை வைத்து வீட்டைப் பார்த்துக்கொள்வது என்றால் இதையும்தான் பார்க்க வேண்டும். 8 சதவீதம் வாங்கியவர் ஒரு நாளாவது இதைச் சொன்னாரா?

குடித்தனக்காரி:

எல்லோரும் உரிமையாளர் பக்கமே பேசுகிறீர்கள். நான் ஆறு வருடமாக ஓசூரில் வாடகைக்கு இருக்கிறேன், ஷிப்ட் வேலை. முதலில் அந்த ஒன்பது பேரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். போலீஸ் என்று போனால் முதலில் நடுத்தெருவில் நிற்பது அவர்கள்தான், உங்கள் ஆள் இல்லை. தயவுசெய்து அதை மனதில் வையுங்கள் அண்ணா.

என் கதை சொல்கிறேன். அலசநத்தம் பக்கம் ஒரு வீட்டில் மூன்று வருடம் இருந்தேன். மூன்று வருடமும் வீட்டுக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது. ஒரு ஆள் வருவார், வாடகை வாங்குவார், ரசீது கேட்டால் யூபிஐயில்தான் இருக்கிறதே அம்மா என்பார். மழை வந்தால் சமையலறைச் சுவர் ஊறும், சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் செய்ய வேண்டாம் என்கிறார் என்பார். காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயின்டுக்கு என்று 18,000 பிடித்துக்கொண்டார். ஊறிப்போன சுவருக்கு நான் பெயின்ட் காசு கொடுக்கிறேன்!

கடைசியில் ஈபி கார்டில் இருந்த பெயரைப் பிடித்து, இரண்டு பேரை விசாரித்து, வீட்டுக்காரரின் போன் நம்பரைக் கண்டுபிடித்தேன். வயதான மனிதர், ஈரோட்டில் இருக்கிறார். சுவர் ஊறுவதே அவருக்குத் தெரியாது. நான் கொடுத்த வாடகை 11,000, அவருக்குப் போனது 9,500 வாடகை என்ற கணக்கில். இரண்டு பேரும் போனில் ஒருவருக்கொருவர் பழைய மாதங்களை வாசித்துக்காட்டிக்கொண்டோம், அவர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், நான் போனில் வைத்திருக்கிறேன். அந்த 18,000இல் பாதியை அவர் தன் கையில் இருந்து கொடுத்தார், நான் கேட்கவே இல்லை.

இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளாமல் இருப்பதில்தான் நடுவில் இருப்பவருக்குச் சோறு.

சாவிக்கொத்து:

படித்துக்கொண்டே வந்தேன், பேசாமல் போகலாம் என்றுதான் நினைத்தேன், கடைசி வரி சுட்டுவிட்டது. நான் இந்த வேலைதான் செய்கிறேன் அக்கா. 23 வீடு. எல்லா வீட்டிலும் வாடகை நேரடியாக உரிமையாளர் கணக்குக்குப் போகிறது, நான் பில் போட்டு என் காசை வாங்குகிறேன். நாங்கள் எல்லோரும் திருடர்கள் இல்லை.

மஸ்கட் சார் வீட்டுக்கு மாதம் 1,240 ரூபாய். அதற்கு என்ன வேலை என்று யாராவது நினைத்துப் பார்த்தீர்களா? போன வாரம் ஒரு வீட்டில் மோட்டார் ஓடவில்லை. காலை ஏழு மணிக்குப் போன், போனேன், கெபாசிட்டர் போயிருக்கிறது. மாற்றினால் ஐந்து நிமிடம், ஆனால் எலக்ட்ரீஷியன் வந்தது பதினொன்றரைக்கு. அதுவரை அந்த வீட்டில் பல் விளக்கக்கூடத் தண்ணீர் இல்லை, பக்கத்து வீட்டில் கேட்டு இரண்டு குடம் நானே தூக்கிக்கொடுத்தேன். சாயங்காலம் உரிமையாளருக்கு பில் அனுப்பினால், கெபாசிட்டர் ஆன்லைனில் எண்பது ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று லிங்க் அனுப்புகிறார். அமெரிக்காவில் இருந்து!

இது போக ஊருக்கு வந்தால் ஏர்போர்ட்டுக்குக் கார் ஏற்பாடு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதுவது, பாட்டி மாத்திரை கூரியர். ஒருவர் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேருக்கு நேரலை காட்டச் சொன்னார், மலை அடிவாரத்தில் ஒரு மணி நேரம் போனைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு நின்றேன். 8 சதவீதத்தில் இதெல்லாம் எங்கே வருகிறது?

சுவர் ஊறுவதைச் சொன்னீர்கள். நான் சொல்லியும் செய்ய மறுக்கும் உரிமையாளர்கள் 23இல் ஒன்பது பேர். குடித்தனக்காரரிடம் கெட்ட பெயர் எனக்கு.

ஆனால் அந்த ஆள் செய்தது அயோக்கியத்தனம், அதில் சந்தேகமே இல்லை. இப்படி ஒருவர் செய்தால் அடுத்த மாதம் என்னுடைய மூன்று உரிமையாளர்கள் போன் செய்து வீட்டை வீடியோ எடுத்து அனுப்பு என்பார்கள்.

சும்மா வந்தேன்:

மொய் எழுதும் வேலையும் சேர்த்து என்றால் 12 சதவீதம் கேளுங்கள்.

மத்திகிரிக்காரன்:

மஸ்கட் சார், உங்களுக்கு நடந்தது சின்னது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. என் சித்தப்பா மகனுக்கு நடந்ததைக் கேளுங்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் எவரும் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

அவன் சென்னையில் வேலை. இங்கே அவனுடைய கீழ் வீட்டைக் கேட்டு ஒரு ஆள் வந்து, சார், நீங்கள் குடித்தனக்காரர் யார், எப்போது காலி செய்கிறார் என்ற தலைவலியே பட வேண்டாம், வீட்டை என் பெயருக்கே வாடகைக்குக் கொடுங்கள், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 14,000 உங்களுக்கு வந்துவிடும் என்றார். கேட்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது? 11 மாத ஒப்பந்தம், அதில் ஆறாவது பக்கத்தில் ஒரு வரி, உள்வாடகைக்கு விடவும் உரிமை உண்டு என்று. இவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

18 மாதம் 14,000 தவறாமல் வந்தது. பத்தொன்பதாவது மாதம் வரவில்லை, போன் எடுக்கவில்லை. நேரில் போனால் வீட்டில் ஒரு குடும்பம். வாடகை ஏன் தரவில்லை என்று கேட்டான். வாடகையா, நாங்கள் லீஸுக்கு அல்லவா இருக்கிறோம் என்று ஸ்டாம்ப் பேப்பரைக் காட்டினார்கள். போக்கியம். 7 லட்சம் மொத்தமாகக் கொடுத்திருக்கிறார்கள், மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருந்துவிட்டுக் கிளம்பும்போது 7 லட்சத்தையும் வாங்கிக்கொள்வது என்று பேச்சு. அந்த 7 லட்சத்தில் இருந்துதான் இவனுக்கு மாதம் 14,000 போயிருக்கிறது. 18 மாதத்துக்கு 2,52,000. மிச்சம் 4,48,000 அவரோடு போயிற்று.

அந்த வீட்டு அம்மா நகையை விற்றுக் கொடுத்த பணம் அது. இவனைப் பார்த்து அழவில்லை, சண்டை போடவில்லை, உட்காருங்கள் தம்பி என்று காபி போட்டுக் கொடுத்தார்களாம். அதைக் குடித்துவிட்டு எப்படிக் காலி செய்யுங்கள் என்று கேட்பது என்று என்னிடம் சொல்லும்போதே அவன் குரல் மாறிவிட்டது. கடைசியில் மூன்று வருடம் முடியும்வரை இருந்துகொள்ளுங்கள், அதற்குமேல் என்னால் ஆகாது என்று விட்டுவிட்டான். நஷ்டம் இரண்டு பேருக்கும். புகார் கொடுத்தார்கள், அது ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

அதனால் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து முதலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மஸ்கட்வாசி:

ஒப்பந்தமே இல்லை சார். எல்லாம் வாட்ஸ்அப்தான். ஆனால் 2023இல் விடுமுறையில் வந்தபோது ஒரு பவர், அதாவது அதிகாரப் பத்திரம், எழுதிக் கேட்டார், ஈபி, வீட்டு வரி விஷயங்களுக்கு அலைய வசதியாக இருக்கும் என்று. கொடுத்தேன். இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

பேரேடு:

அதைப் பார்த்தீர்களா? விற்க, அடமானம் வைக்க, முன்பணம் வாங்க என்று ஏதாவது இருக்கிறதா? பதிவு செய்ததா, வெறும் நோட்டரியா? முதலில் அதை ரத்து செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பதிவு செய்த பவர் என்றால் ரத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ரத்து செய்ததை அந்த ஆளுக்குப் பதிவுத் தபாலில் தெரியப்படுத்துங்கள். கையோடு, வீட்டின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்று ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், உங்கள் தூக்கம் திரும்பும். இனிமேல் வேறு யாருக்காவது பவர் கொடுப்பதாக இருந்தால் வாடகை ஒப்பந்தம் போடுவது, வரி கட்டுவது என்று குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் கொடுங்கள். மஸ்கட்டிலேயே எழுதினால் தூதரகத்தில் சான்று வாங்கி, அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

சட்டப் பக்கம் சொல்கிறேன். பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் இருந்து நடப்பில் இருக்கிறது. நகர்ப்புறங்களுக்கானது. ஓசூர் அதே 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது, ஆகவே உங்கள் வீட்டுக்கு இது பொருந்தும். சுற்றியுள்ள ஊராட்சிகளில் வீடு வைத்திருப்பவர்கள் தங்களுக்குப் பொருந்துமா என்று தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளைப் பற்றியும் அதே சட்டத்தில் இருக்கிறது, சொத்து மேலாளர் என்று. உரிமையாளர் சார்பில் குடித்தனக்காரரோடு பேச அவர் அமர்த்திய ஆள், அவ்வளவுதான் அவர் தகுதி. வாங்கும் வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டியவர். வீட்டை அவர் தன் இஷ்டத்துக்கு உள்வாடகை விடுவதற்கு எங்கேயும் இடம் இல்லை.

குடித்தனக்காரி:

அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்று அதில்தானே இருக்கிறது? எனக்கு இப்போதைய வீட்டில் பத்து மாதம் கேட்டார்கள், பெங்களூரில் அப்படித்தான் என்று. இது பெங்களூர் இல்லையே ஐயா என்று சொல்லி ஆறுக்கு இறக்கினேன்.

பேரேடு:

மூன்று மாதம்தான் பொது விதி. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் என்று ஒரு சந்து வைத்திருக்கிறார்கள், எல்லோரும் அந்தச் சந்தில்தான் நுழைகிறார்கள்.

சாவிக்கொத்து:

மஸ்கட் சார், கோபத்தில் ஒன்று செய்துவிடாதீர்கள், ஈபியை நிறுத்துவது, தண்ணீரை அடைப்பது. அது உங்கள் மீதே திரும்பும். அந்தப் பையன்களிடம் போய்ப் பேசுங்கள். அவர்களிடம்தான் உங்களுக்குச் சாட்சியே இருக்கிறது, யாருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு அனுப்பினார்கள் என்று ஒன்பது போனிலும் இருக்கும்.

மஸ்கட்வாசி (மூன்று வாரம் கழித்து):

வந்துவிட்டுத் திரும்பினேன், சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. பவர் வெறும் நோட்டரி, விற்கும் அதிகாரம் இல்லை, ஆனால் "உரிமையாளர் சார்பில் சகல காரியங்களும்" என்று ஒரு வரி இருந்தது. ரத்து செய்து தபால் அனுப்பிவிட்டேன்.

சாவிக்கொத்து சொன்னபடி நேராக வீட்டுக்குப் போனேன். இரவு ஷிப்ட் முடிந்து ஐந்து பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நான்கு பேர் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் என்றதும் ஒரு பையன் பதறிப்போய் எழுப்ப ஆரம்பித்தான், வேண்டாம் தூங்கட்டும் என்றேன். ஒடிசாவில் இருந்து வந்தவர்கள். எனக்குத் தெரிந்த மஸ்கட் இந்தியும் அவர்களுக்குத் தெரிந்த ஓசூர்த் தமிழும் சேர்ந்து ஒப்பேறியது. ஒன்பது பேரின் ரசீதுகளையும் அங்கேயே உட்கார்ந்து என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். நானும் பதினைந்து வருடத்துக்கு முன்னால் சோஹாரில் ஒரு அறையில் எட்டுப் பேராகக் கிடந்தவன்தான். மாதக் கடைசிவரை இருங்கள், வாடகை வேண்டாம் என்றேன். அவர்கள் சூப்பர்வைசர் 25ஆம் தேதியே வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டார்.

அந்த ஆள் முதலில் போன் எடுக்கவில்லை. ரசீதுப் படங்களை வரிசையாக அனுப்பினேன், எட்டாவது படம் போனதும் அவரே கூப்பிட்டார். 40,000 கொடுத்திருக்கிறார், மீதிக்கு மே மாதம் வரை தவணை கேட்டிருக்கிறார். வருமா என்று தெரியாது.

விற்கவில்லை. விமான நிலையத்துக்காக இல்லை, டிஎன்70 சார் கோபப்பட வேண்டாம். இப்போது டைட்டனில் வேலை செய்யும் ஒருவர் குடும்பத்தோடு வந்திருக்கிறார், 16,000, மூன்று மாத அட்வான்ஸ், ஒப்பந்தம் பதிந்து எண் வாங்கியாயிற்று. வாடகை நேராக வங்கியில் என் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான இந்தியக் கணக்கு) வருகிறது. டிடிஎஸ் வேலையை பேரேடு சொன்ன மாதிரி ஒரு ஆடிட்டரிடம் விட்டிருக்கிறேன், குடித்தனக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். சாவிக்கொத்துதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், 10 சதவீதம் கேட்டார், கொடுத்துவிட்டேன், மொய் எழுதச் சொல்ல மாட்டேன் என்று எழுதியே கொடுத்திருக்கிறேன்.

சாவிக்கொத்து:

சார், செப்டிக் டேங்க் லாரி சனிக்கிழமை வருகிறது. சம்ப் மூடியும் உடைந்திருக்கிறது, சின்னக் குழந்தை இருக்கும் வீடு, அதை இன்றைக்கே மாற்றியாக வேண்டும். 1,850 ஆகும் என்கிறார்கள். படம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டு சரி என்று ஒரு வார்த்தை போடுங்கள்.

மஸ்கட்வாசி:

சரி.